விடுவிப்பது யார் பொறுப்பு? வலைச் செயலிகளின் மெமரி லீக்கும் தீராத ஒரு விவாதமும்

ஒரு நிரல் தன் வேலைக்காக வாங்கிய நினைவகத்தை, வேலை முடிந்ததும் யார் திருப்பித் தருவது? நிரலை எழுதியவரா, அவர் எழுதிய மொழியா, அந்த மொழியை ஓட்டும் இயந்திரமா? 1960 முதல் இதற்கு விடைகள் வந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் முந்தைய விடையின் ஒரு குறையை நீக்கியது. ஆனாலும் மெமரி லீக் எனப்படும் நினைவகக் கசிவு ஒழியவில்லை. பயன்படாத நினைவகத்தைத் தானே மீட்டுக்கொள்ளும் ஜாவாவிலும் ஜாவாஸ்கிரிப்டிலும்கூட அது தொடர்கிறது. வலைச் செயலியை உருவாக்கும் கட்டத்திலேயே அதைப் பிடிப்பது ஏன் இன்னும் கடினமாக இருக்கிறது?

சென்னையின் மேற்குப் புறநகரில் இந்தக் கேள்வியின் இரு முனைகளும் இருக்கின்றன. சிறுதொழில்களுக்காக 1964இல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இன்று லேத் பட்டறைகளுக்குப் பக்கத்திலேயே ஐடி அலுவலகங்களும் பிபிஓ தளங்களும் இயங்குகின்றன. ஆவடியை அடுத்த பட்டாபிராமில் 2024 நவம்பரில் 21 தளங்கள் கொண்ட டைடல் பூங்கா திறக்கப்பட்டது. பூந்தமல்லியைச் சுற்றிலும் பொறியியல் கல்லூரிகள். வலைச் செயலியை எழுதுபவரும், அதை ஒரு ஷிஃப்ட் முழுக்க மூடாமல் வைத்திருப்பவரும் ஒரே புறநகர் ரயிலில் வருகிறார்கள். கசிவைப் பொறுத்தவரை இவ்விருவரின் அனுபவமும் ஒன்றாக இருப்பதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வாடிக்கையாளரின் விவரத்தைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் 2 எம்பி திரும்பாமல் தங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். எழுதியவர் பத்து முறை திறந்து பார்ப்பார். 20 எம்பி ஏறியிருக்கும். 16 ஜிபி லேப்டாப்பில் அது கண்ணில் படாது. கவுண்டரில் இருப்பவர் ஒரே டேபில் ஒரு நாளில் 400 பேரைப் பார்த்தால் 800 எம்பி. 4 ஜிபி கணினியில் மாலைக்குள் திரை திணறத் தொடங்கும். புகார் டிக்கெட்டாக வந்து சேரும். 'இங்கே ரீப்ரொட்யூஸ் ஆகவில்லை' என்று எழுதி அது மூடப்படவும் கூடும். அப்படி எழுதியவர் பொய் சொல்லவில்லை. அவர் மேசையில் அது உண்மையிலேயே நிகழவில்லை.

1960இன் இரண்டு விடைகள்

லிஸ்ப் மொழியைப் பற்றிய ஜான் மெக்கார்த்தியின் கட்டுரை 1960 ஏப்ரலில், ஏசிஎம் அமைப்பின் 'கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வந்தது. அவர் சொன்ன வழி இது: இடம் தீரும்வரை நிரல் ஓடட்டும். தீர்ந்ததும் சற்று நிறுத்தி, நிரல் நேரடியாகப் பிடித்திருக்கும் வேர்களிலிருந்து புறப்பட்டு, எட்டக்கூடிய அத்தனையையும் குறித்துக்கொள்ள வேண்டும். குறிபடாதவை இனி யாருக்கும் எட்டாதவை. அவற்றின் இடத்தை மீட்டுக்கொள்ளலாம். இன்றைய கார்பேஜ் கலெக்டர்களில் பெரும்பாலானவை இந்த வழியில் வந்தவைதான். அன்றைய ஐபிஎம் 704 கணினியில் இந்த மீட்புக்குச் சில விநாடிகள் பிடித்தன.

அதே ஆண்டு டிசம்பரில், அதே இதழில், ஜார்ஜ் காலின்ஸ் மாற்று வழியொன்றை வைத்தார். ஒவ்வொரு பொருளையும் எத்தனை ரெஃபரன்ஸ்கள் பிடித்திருக்கின்றன என்று எண்ணிக்கொண்டே வர வேண்டும். எண்ணிக்கை பூஜ்யமானதும் அப்போதே விடுவித்துவிடலாம். இதில் நிரலை நிறுத்தவேண்டிய தேவையில்லை. ஆனால் ஓர் ஓட்டை உண்டு, அதை ஹரால்ட் மெக்பெத் 1963இலேயே சுட்டிக்காட்டினார். ஒருவருக்கொருவர் ஜாமீன் நின்றுகொண்ட இருவரைப்போல, ஒன்றையொன்று பிடித்திருக்கும் இரண்டு பொருள்களின் எண்ணிக்கை ஒருபோதும் பூஜ்யத்தைத் தொடாது. வெளியே யாருக்கும் அவை வேண்டாம் என்றானாலும் இருந்துகொண்டே இருக்கும்.

இந்த இரண்டு மரபுகளும் பிறகு தத்தம் குறைகளைத் தீர்க்கப் பாடுபட்டன. நிறுத்தத்தைக் குறைக்க டைக்ஸ்ட்ராவும் உடனாளர்களும் 1978இல் நிரலோடு சேர்ந்தே ஓடும் முறையை வகுத்தார்கள். பெரும்பாலான பொருள்கள் பிறந்த சற்று நேரத்திலேயே பயனற்றுப் போகின்றன என்பதைக் கொண்டு, இளம் பொருள்களை மட்டும் அடிக்கடி அலசும் தலைமுறை முறையை லீபர்மனும் ஹியூவிட்டும் 1983இலும் டேவிட் அங்கார் 1984இலும் விளக்கினர். எண்ணும் மரபு, வளையங்களைத் தேட ஒரு துணைக் கருவியைச் சேர்த்துக்கொண்டது: பைத்தான் 2000இல், பிஎச்பி 2009இல். இவ்விரண்டையும் ஏற்காத மூன்றாவது தரப்பு சி மொழியினுடையது. வாங்கியவரே திருப்பித் தர வேண்டும் என்பது அதன் நிலை. கல்லூரி முதலாண்டில் மல்லாக், ஃப்ரீ என்று இதைப் படித்த மாணவர், ஜாவாவுக்கு வரும்போது 'இங்கே அந்தக் கவலை வேண்டாம்' என்று கேட்கிறார். அது பாதி உண்மை. மீதிப் பாதிதான் இங்கே பேசப்படுகிறது.

உலாவிக்குள் இரண்டும் சந்தித்தபோது

2001இல் வெளியான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 இந்த வரலாற்றில் தனி இடம் பெறுகிறது. அதன் ஜாவாஸ்கிரிப்ட் பகுதி மெக்கார்த்தி வழியில் குறித்து மீட்டது. பக்கத்தின் பொத்தான்களையும் பெட்டிகளையும் தாங்கும் டாம் பகுதியோ காலின்ஸ் வழியில் எண்ணியது. ஒரு பொத்தானுக்கு ஒரு செயற்கூறை இணைத்து, அந்தச் செயற்கூறு திரும்பவும் அதே பொத்தானைப் பிடித்திருந்தால், வளையம் இரண்டு பகுதிகளுக்கும் குறுக்கே விழுந்தது. முதல் பகுதியின் கலெக்டருக்கு எல்லைக்கு அப்பால் பார்வை இல்லை. இரண்டாவதற்கு வளையம் என்றால் என்னவென்றே தெரியாது. பக்கத்தை விட்டு வேறு பக்கத்துக்குப் போனாலும் அந்த நினைவகம் மீளவில்லை. உலாவியையே மூடினால்தான் உண்டு.

2004இல் ஜிமெயிலும் 2005இல் கூகுள் மேப்ஸும் வந்து, ஒரே பக்கத்தில் நாள் முழுக்க வேலை செய்யும் பழக்கம் பரவியபோது இது பெருந்தொல்லையானது. டக்ளஸ் கிராக்ஃபோர்டு போன்றோர், ஓர் உறுப்பைப் பக்கத்திலிருந்து நீக்கும்முன் அதில் தொங்கும் செயற்கூறுகளை எல்லாம் கழற்றிவிடும் ஒரு சிறு நிரலைப் பரிந்துரைத்தனர். விடுவிக்கும் பொறுப்பு இவ்வாறு ஓசையில்லாமல் எழுதுபவரிடமே திரும்பி வந்தது. மைக்ரோசாஃப்ட் 2009இல் எட்டாம் பதிப்பை வெளியிட்டபோதுதான் இச்சிக்கல் பெருமளவு அடங்கியது.

ஃபயர்பாக்ஸ் வேறு பாதையில் போனது. ஐபிஎம்மைச் சேர்ந்த டேவிட் பேகனும் வி. டி. ராஜனும் 2001இல் வெளியிட்ட வளையம் தேடும் முறையைத் தழுவி, 2008இன் மூன்றாம் பதிப்பில் தனியொரு சைக்கிள் கலெக்டரைச் சேர்த்தது. 2011இல் நிக்கலஸ் நெதர்கோட் தலைமையில் 'மெம்ஷ்ரிங்க்' என்ற இயக்கமே தொடங்கப்பட்டது. அதில் தெரியவந்த ஒரு செய்தி கவனத்துக்குரியது: நினைவகத்தை விடாமல் பிடித்திருந்தவற்றில் பல, பிறர் எழுதிய ஆட்-ஆன்கள். மூடிய டேபின் பொருள் ஒன்றை ஓர் ஆட்-ஆன் கைவிடாமல் வைத்திருந்தால், அந்தப் பக்கம் முழுவதும் உயிரோடு தங்கியது. 2012இன் பதினைந்தாம் பதிப்பு இதற்குக் கறாரான தீர்வைக் கொண்டுவந்தது. டேப் மூடப்பட்டால், ஆட்-ஆன் பிடித்திருக்கும் ரெஃபரன்ஸ்களை உலாவியே வெட்டிவிடும். பிறகு அதைத் தொட முயலும் ஆட்-ஆனுக்கு 'இறந்த பொருள்' என்ற பிழைச்செய்திதான் கிடைக்கும்.

இந்தத் தீர்வைப் பொறியியல் வித்தை என்று கடந்துவிடக் கூடாது. ஒரு பொருளை இன்னும் பிடித்திருக்கிறார்கள் என்பதனாலேயே அது தேவைப்படுகிறது என்று கொள்ள வேண்டியதில்லை என ஓர் உலாவி வெளிப்படையாக முடிவெடுத்த தருணம் அது. அதற்கு முந்தைய பெரும்பாலான விடைகள் அந்த முடிவைத் தவிர்த்தே வந்தன.

எட்டுவதும் தேவைப்படுவதும்

கார்பேஜ் கலெக்டர் கேட்பது ஒரே ஒரு கேள்வி: இந்தப் பொருளை வேரிலிருந்து எட்ட முடியுமா? நிரலாளருக்கு வேண்டிய விடையோ வேறு கேள்விக்கானது: இந்தப் பொருளை இனி யாராவது பயன்படுத்துவார்களா? இரண்டாவதற்கு எல்லா நிரல்களுக்கும் பொருந்தும் விடையைக் கணினியால் கணிக்க முடியாது என்பது கோட்பாட்டளவில் நிறுவப்பட்டது. எனவே கலெக்டர் பாதுகாப்பான பக்கம் சாய்கிறது. எட்டினால் வைத்துக்கொள்கிறது. கலெக்டர் உள்ள மொழிகளின் இன்றைய கசிவுகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில்தான் குடியிருக்கின்றன.

வலைச் செயலியில் இந்த இடைவெளி விழும் இடங்கள் சிலவே. அவை திரும்பத் திரும்ப வருபவை. விண்டோவிலோ டாக்குமென்டிலோ பதித்த ஈவென்ட் லிசனரைக் கழற்றாமல் விடுவது முதலாவது. திரை மாறிவிடும், லிசனர் மாறாது, அது பிடித்திருக்கும் காம்பொனென்ட்டும் போகாது. செட்இன்டர்வலில் தொடங்கிய டைமரும் திறந்தபடி விட்ட வெப்சாக்கெட்டும் இதே வகையைச் சேர்ந்தவை. பக்கத்திலிருந்து நீக்கிய டாம் உறுப்பை ஒரு மாறியில் வைத்திருப்பது இன்னொன்று. ஓர் அட்டவணையின் ஒரேயொரு கட்டத்தைப் பிடித்திருந்தால், அதன் தாய் உறுப்பு வழியாக அட்டவணை முழுதும் தங்கிவிடும். மேல்வரம்பு வைக்காத கேஷ் மற்றொன்று. வேகத்துக்காக வைத்த கேஷுக்கும் கசிவுக்கும் உள்ள வேறுபாடு, பழையதை எப்போது எறிவது என்ற ஒரு விதி மட்டும்தான்.

தன்னைச் சூழ்ந்த மாறிகளையும் பிடித்திருக்கும் செயற்கூறான குளோஷரால் வரும் வகை சற்று நுட்பமானது. 2013இல் மீட்டியோர் என்ற வலைக் கட்டமைப்பின் குழுவைச் சேர்ந்த டேவிட் கிளாசர் விவரித்த ஒரு நிகழ்வு இதற்கு நல்ல சான்று. ஒரு செயற்கூறுக்குள் இரண்டு உள் செயற்கூறுகள் இருக்கின்றன. ஒன்று ஒரு பெரிய பொருளைப் பயன்படுத்துகிறது, ஆனால் அதை யாரும் அழைப்பதில்லை. மற்றொன்று அந்தப் பொருளைத் தொடுவதே இல்லை, ஆனால் வெளியே நீண்ட நாள் வாழ்கிறது. குரோமின் ஜாவாஸ்கிரிப்ட் இயந்திரமான வி8இல் இரண்டுக்கும் சூழல் ஒன்றுதான். எனவே தொடாத செயற்கூறு பெரிய பொருளைத் தாங்கி நிற்கிறது. நிரலை வரிவரியாகப் படிப்பவருக்கு அந்தப் பிடி எங்குமே தெரியாது. மொழியின் இலக்கணத்தைப் பார்த்தாலும் தெரியாது. இயந்திரம் அதை எப்படிச் செயல்படுத்துகிறது என்று அறிந்தவருக்கே புலப்படும். கவனமாக எழுதினால் போதும் என்று அறிவுரை சொல்வோர் இந்த நிகழ்வுக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்பது விளங்கவில்லை.

இடைவெளியை நிரலை ஓட்டாமலேயே சுருக்க முயன்ற ஆய்வுகளும் உண்டு. குறிப்பிடத்தக்க ஒன்று இந்தியாவில் நடந்தது. ஐஐடி பம்பாயின் உதய் கேத்கர், அமிதாப சன்யால், அமே கர்கரே ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு, ஜாவா நிரலை அலசி, எந்த ரெஃபரன்ஸ் எந்த வரிக்குப் பிறகு பயன்படாது என்று கணித்தது. அந்த இடத்தில் அதை நல் ஆக்கிவிடும் வரியைச் சேர்க்கலாம் என்றது. கலெக்டரை மாற்றாமல், அது பார்க்கும் வரைபடத்தை மட்டும் திருத்தும் யோசனை இது. ஆனால் ஜாவாஸ்கிரிப்டுக்கு இதை அப்படியே கொண்டுவருவது எளிதாகத் தோன்றவில்லை. ஓடும்போதே பொருளின் வடிவம் மாறுவது, பெயரைச் சரமாகக் கட்டிப் பண்புகளை அணுகுவது போன்றவை இத்தகைய கணிப்பின் அடித்தளத்தையே அசைக்கின்றன.

மொழிக்குள்ளேயே வழி தேடியவர்கள் பலவீனப் பிடிகளைக் கொண்டுவந்தனர். 2015இல் வீக்மேப், 2021இல் வீக்ரெஃப். பின்னதை முன்மொழிந்தவர்களே, முடிந்தவரை இதைத் தவிர்க்குமாறு எச்சரித்தார்கள். கலெக்டர் எப்போது ஓடும் என்பது உலாவிக்கு உலாவி வேறுபடும். அதை நம்பி எழுதிய நிரல் ஓரிடத்தில் சரியாகவும் இன்னோரிடத்தில் தவறாகவும் நடந்துகொள்ளக்கூடும்.

வாங்கவே வாங்காதே என்னும் மரபு

அம்பத்தூர், ஆவடிப் பகுதி வாகன உதிரிபாகங்களுக்கும் பெயர்பெற்றது. வாகனங்களின் கட்டுப்பாட்டு மென்பொருளுக்கு உலகெங்கும் பின்பற்றப்படும் மிஸ்ரா சி விதிகள், ஓடும்போது ஹீப் நினைவகம் வாங்குவதையே விலக்குகின்றன. நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜெரார்ட் ஹோல்ஸ்மன் 2006இல் வகுத்த பத்து விதிகளில் ஒன்றும் இதையே சொல்கிறது: தொடக்கத்தில் வேண்டியதை ஒதுக்கிக்கொள், அதன்பின் வாங்காதே. பிரேக் கட்டுப்பாட்டுக்கு இது பொருந்தும். எத்தனை வரிசைகள் வரும் என்று முன்கூட்டித் தெரியாத வலைப்பக்கத்துக்கு இதைச் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது.

உடைமையைக் கம்பைலரே சரிபார்க்கும் ரஸ்ட் மொழியைச் சிலர் தீர்வாகக் காட்டுகிறார்கள். 2015இல் அதன் முதல் நிலைப் பதிப்பு வரும் தறுவாயில் எழுந்த விவாதம், கசிவு பாதுகாப்பு மீறலில் சேராது என்ற முடிவோடு நின்றது என்பதை அவர்கள் நினைவில் கொள்வது நல்லது. அம்மொழியும் கசிவின்மைக்கு உறுதி தரவில்லை.

கருவிகள் எதைத் தேடுகின்றன

1990களின் தொடக்கத்தில் வந்த ப்யூரிஃபையும் 2002இல் வந்த வால்கிரைண்டும் சி உலகின் கருவிகள். எந்தப் பிடியும் இல்லாமல் தொலைந்துபோன இடங்களை அவை காட்டின. கலெக்டர் உள்ள மொழியில் அப்படிப்பட்ட இடங்கள் தாமே மீண்டுவிடும். அங்கே தேடவேண்டியது தொலையாமல் மிஞ்சியவற்றை. ஆகவே பழைய கருவிகளின் அறிவு இங்கே அதிகம் உதவவில்லை.

ஜாவாவில் முதலில் நடைமுறைக்கு உதவியது, ஓடும் நிரலின் ஹீப்பை அப்படியே பதிந்து பார்க்கும் வழி. எஸ்ஏபி உருவாக்கி 2008இல் எக்லிப்ஸுக்கு அளித்த மெமரி அனலைசர், டாமினேட்டர் மரம் என்ற கருத்தை எல்லோர் கைக்கும் கொண்டுவந்தது. இந்த ஒரு பொருளை விட்டால் எவையெல்லாம் சேர்ந்து விடுபடும் என்ற கேள்விக்கு அது விடை தருகிறது. அடியிலிருக்கும் அல்காரிதம் லெங்காயரும் டார்ஜனும் 1979இல் கம்பைலர்களுக்காக எழுதியது. இன்று குரோம் டெவ்டூல்ஸில் 'ரீட்டெய்ன்ட் சைஸ்' என்ற பத்தியில் தெரியும் எண்ணும் டாமினேட்டர் கருத்தின் வழியில் வந்தது.

ஆனால் இப்படிப் பதிந்த ஒரே ஒரு ஸ்னாப்ஷாட் பெரியதைக் காட்டுமே ஒழிய வளர்வதைக் காட்டாது. ஐபிஎம்மின் மிட்செல்லும் செவிட்ஸ்கியும் 2003இல் வெளியிட்ட லீக்பாட் முதலியவை வளர்ச்சியைக் குறிவைத்தன. உலாவி உலகில் 2013இல் ஜிமெயில் குழு பரப்பிய மூன்று ஸ்னாப்ஷாட் முறை இதன் எளிய வடிவம். ஒரு ஸ்னாப்ஷாட் எடு. ஒரு செயலைச் செய்து திரும்பு, இரண்டாவதை எடு. அதையே மீண்டும் செய்து மூன்றாவதை எடு. முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடையில் பிறந்து, மூன்றாவதிலும் உயிரோடிருப்பவை சந்தேகத்துக்குரியவை. ஜிமெயிலில் கசிவுகளை அடைத்தபின் நடுத்தரப் பயனரின் நினைவகச் செலவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததாக அக்குழு கூறியது.

ஜான் வில்க்கும் எமரி பெர்கரும் 2018இல் வெளியிட்ட பிளீக் இதைத் தானியங்கியாக்கியது. அதன் அடிக்கருத்து எளிது. பயனர் சுற்றிவிட்டு மீண்டும் அதே திரைக்கு வந்தால், நினைவகமும் ஏறக்குறைய அதே அளவுக்கு வர வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் எந்தப் பொருளிலிருந்து புறப்படும் பிடிகள் கூடிக்கொண்டே போகின்றன என்று பார்த்தால் குற்றவாளி கிடைக்கும். ஏர்பிஎன்பி, கூகுள் மேப்ஸ், ஜேகுவெரி போன்று பல கண்கள் பார்த்த மென்பொருள்களிலும் சேர்த்து ஐம்பதுக்கு மேற்பட்ட கசிவுகளைக் கண்டறிய இக்கருவி வழிகாட்டியது. ஒரு சுற்றுக்குச் சராசரி வளர்ச்சி, திருத்தத்துக்குப்பின் 94 விழுக்காடு குறைந்தது. மெட்டா 2022இல் வெளியிட்ட மெம்லேப், உலாவியைத் தானே ஓட்டி இதேபோன்ற ஒப்பீட்டைச் செய்கிறது.

தற்போது கையிலிருப்பவற்றுள் வலுவான வழி இதுதான் என்று படுகிறது. நிரல் என்ன நினைக்கிறது என்று ஊகிக்காமல், பயனர் எங்கே திரும்பி வந்தார் என்பதைத் தேவைக்கான அளவுகோலாக இது எடுத்துக்கொள்கிறது. பலவீனமும் அங்கேதான். உரையாடல் செயலியில் பழைய செய்திகள் சேர்வது நியாயமான வளர்ச்சி. ஏற்றிய படங்களைச் சிறிது நேரம் வைத்திருப்பதும் அப்படியே. 'அதே திரை' என்பதை யாராவது வரையறுத்துத் தர வேண்டும். அது திரும்பவும் மனித வேலை.

டெவலப்மென்ட் சூழல் தானே பிடித்திருப்பவை

உருவாக்கும் கட்டத்தில் அளப்பதற்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு: அளக்கும் கருவியே பொருள்களைப் பிடித்துக்கொள்கிறது. கன்சோல்.லாகில் அச்சிட்ட பொருளைப் பிறகு விரித்துப் பார்க்க வேண்டுமே என்று டெவ்டூல்ஸ் அதை விடாமல் வைத்திருக்கும். பக்கத்தைப் புதுப்பிக்காமல் நிரலை மாற்றும் ஹாட் ரீலோடில், பழைய மாட்யூலின் டைமர்களும் லிசனர்களும் கழற்றப்படாமல் எஞ்சலாம். உலாவியின் எக்ஸ்டென்ஷன்களும் பக்கத்துக்குள் தம் பங்குக்குப் புகுகின்றன. ஆகவே டெவலப்மென்ட் பில்டில் தெரியும் ஏற்றம் ப்ரொடக்ஷனில் இல்லாமலே போகலாம். கன்சோலை மூடி, எக்ஸ்டென்ஷன் இல்லாத இன்காக்னிட்டோ ஜன்னலில், ப்ரொடக்ஷன் பில்டை ஓட்டி, கலெக்டரை வலிந்து இயக்கிய பின்னரே அளப்பது என்ற பழக்கம் இதனால் வந்தது.

சூழல் தரும் எச்சரிக்கைகளும் திசை திருப்பியதுண்டு. நீக்கப்பட்ட காம்பொனென்டின் நிலையை மாற்ற முயன்றால், இது மெமரி லீக்கின் அறிகுறி என்று ரியாக்ட் நூலகம் நெடுங்காலம் எச்சரித்து வந்தது. அந்த எச்சரிக்கையை அடக்குவதற்காகவே 'இன்னும் இருக்கிறேனா' என்று பார்க்கும் ஒரு கொடியை எங்கும் நட்டு வைப்பது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலான இடங்களில் அங்கே கசிவே இல்லை. ஒருமுறை வந்து முடியும் பதில் அது, அவ்வளவே. 2022இல் வந்த 18ஆம் பதிப்பில் அந்த எச்சரிக்கை நீக்கப்பட்டது. அதே பதிப்பின் ஸ்ட்ரிக்ட் மோட், டெவலப்மென்டில் ஒவ்வொரு காம்பொனென்டையும் மாட்டி, கழற்றி, மீண்டும் மாட்டுகிறது. கழற்றும் வரியை எழுத மறந்திருந்தால் உடனே இரண்டு சந்தாக்கள் ஓடுவது தெரிந்துவிடும். எச்சரிக்கையைவிட இந்த ஏற்பாடு மேலானது, ஏனெனில் கசிவு உண்டாக்கும் நிலைமையையே இது எழுதுபவரின் மேசைக்குக் கொண்டுவருகிறது. எரிச்சலாக இருக்கிறது என்று இதை அணைத்து வைப்போரும் இருக்கிறார்கள்.

ஜாவா சர்வர் பக்கத்தில் நிலைமை தலைகீழ். டாம்கேட்டில் செயலியை நிறுத்தாமல் திரும்பத் திரும்ப டிப்ளாய் செய்தால், த்ரெட்லோக்கலில் மாட்டிய ஒரு பொருள் பழைய கிளாஸ்லோடர் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். முன்பு சில டிப்ளாய்களுக்குப் பிறகு, கிளாஸ் விவரங்களுக்கென ஒதுக்கிய பெர்ம்ஜென் பகுதி நிரம்பிச் சர்வர் நின்றுவிட்டது. ப்ரொடக்ஷனில் சர்வரையே மறுதொடக்கம் செய்வதால் இது பெரும்பாலும் எழுதுபவர்களை மட்டுமே வாட்டியது. டாம்கேட் 2010இல் கண்டறியும் வசதியைச் சேர்த்தது. 2014இல் ஜாவா 8 பெர்ம்ஜென்னை நீக்கி மெட்டாஸ்பேஸைக் கொண்டுவந்தபோது நோய் தீர்ந்ததாகப் பலர் எண்ணினர். வரம்பு விரிந்தது, பிடி அப்படியே இருந்தது.

மறுதொடக்கம்

நடைமுறையில் மிகப் பரவலான விடை, ஆய்வாளர்கள் சொல்லக் கூச்சப்படும் விடை: நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டு. 1995இல் பெல் லேப்ஸைச் சேர்ந்த ஹுவாங், சந்திர கிந்தாலா முதலியோர் இதை 'மென்பொருள் புத்துயிர்ப்பு' என்று முறைப்படுத்தினர். பழுதாகும்முன் திட்டமிட்டு மறுதொடக்கம் செய்வது, பழுதான பின் நிற்பதைவிடச் செலவு குறைந்தது என்பது அவர்கள் வாதம். பிஎச்பி இதை வடிவமைப்பாகவே கொண்டிருக்கிறது. ஒவ்வொரு கோரிக்கை முடிந்ததும் அதன் நினைவகம் மொத்தமாகக் கலைக்கப்படும். அப்பாச்சியிலும் குனிகார்னிலும் இத்தனை கோரிக்கைக்குப்பின் வேலையாளை மாற்று என்று ஓர் எண்ணைக் கொடுக்கலாம்.

இதன் ஆபத்து, மறுதொடக்கம் யாருடைய கவனத்தைச் சார்ந்திருக்கிறது என்பதில் இருக்கிறது. 1992 நவம்பர் 4 அதிகாலை லண்டன் ஆம்புலன்ஸ் சேவையின் கணினி அமைப்பு நின்றுபோனது. ஒவ்வொரு வண்டியை அனுப்பும்போதும் சிறிதளவு நினைவகத்தை விடாமல் வைத்த நிரல் வரி, மூன்று வாரத்தில் சர்வரை நிரப்பிவிட்டதாக விசாரணை அறிக்கை கூறியது. இருபது ஆண்டுகளுக்குப் பின், 2012 அக்டோபர் 22 அன்று அமேசானின் கிளவுட் சேவை அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் முடங்கியதற்குக் காரணம், தகவல் சேகரிக்கும் ஒரு சிறு ஏஜென்ட்டில் மறைந்திருந்த கசிவு. தொடர்புகொள்ள வேண்டிய சர்வர் கிடைக்காதபோது மட்டும் அது வெளிப்பட்டது. எல்லாச் சர்வரும் கிடைக்கும் சோதனையில் அது வெளிப்பட வாய்ப்பே இல்லை. சாதாரண ஓட்டத்தை மட்டும் அளப்பவர்கள் பிழைப் பாதைகளையும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான நிகழ்வு கிடைப்பது அரிது.

சர்வரில் புத்துயிர்ப்பு நியாயமான ஏற்பாடுதான். உலாவி டேபுக்கு அது பொருந்துவதில்லை. பாதி நிரப்பிய படிவத்தோடும் காத்திருக்கும் வாடிக்கையாளரோடும் இருப்பவரிடம் 'ஒருமுறை ரீஃப்ரெஷ் பண்ணுங்க' என்று சொல்வது, செலவை அவர் தலையில் கட்டுவது.

திறந்திருக்கும் கேள்விகள்

வளையங்களால் வரும் கசிவு தொழில்நுட்ப அளவில் ஏறத்தாழத் தீர்ந்துவிட்டது எனலாம். எட்டுவதற்கும் தேவைப்படுவதற்கும் இடையிலான இடைவெளி தீரவில்லை. முழுமையாகத் தீராது என்பதற்குக் கோட்பாட்டுக் காரணமும் இருக்கிறது. பிடியை இயந்திரமே வெட்டலாம் என்ற ஃபயர்பாக்ஸின் துணிவை, ஆட்-ஆன்களைத் தாண்டிச் சாதாரண வலைநிரலுக்கும் விரிக்க முடியுமா என்பது விவாதத்துக்குரியது. பாண்டும் மெக்கின்லியும் 2009இல் ஜாவாவில் இதற்கு ஒத்த முயற்சியொன்றைக் காட்டினர்: பயன்படாது என்று கணித்த பொருளை மீட்டுவிட்டு, தவறிப்போய் யாராவது தொட்டால் பிழை எழுப்புவது. நினைவகம் தீர்ந்து நின்றுபோவதைவிட அது மேல்தான். ஆனால் பணப் பரிமாற்றத் திரையில் அந்தப் பிழை எழும்பினால் யார் ஏற்பார்கள்?

பயனரின் கணினியில் உண்மையில் எவ்வளவு ஏறுகிறது என்று அறியும் வழியும் குறுகலானது. குரோம் 2021இல் அதற்கொரு அளவீட்டு வசதியைத் தந்தாலும், பக்கம் பிற தளங்களிலிருந்து தனிமைப்படுத்தப்பட்டிருந்தால்தான் அது இயங்கும். விளம்பரமும் வரைபடமும் பிற தளங்களிலிருந்து வந்து சேரும் பக்கத்தில் அந்த நிபந்தனையைப் பூர்த்தி செய்வது பெரும்பாடு. அப்படிச் சேரும் பிறர் நிரலே கசிந்தால் பொறுப்பு யாருடையது என்பதும் தெளிவாகவில்லை.

அம்பத்தூரில் எழுதப்படும் வலைச் செயலியின் உரிமையாளர் பெரும்பாலும் வேறொரு நாட்டில் இருக்கிறார். ஏற்புச் சோதனையில் திரை திறக்கும் வேகத்துக்கும் ஒரே நேரத்தில் எத்தனை பயனர் என்பதற்கும் எண்கள் எழுதப்படுகின்றன. நானூறு முறை திறந்து மூடிய பிறகு நினைவகம் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு எண் எழுதும் வழக்கம் பரவலாகவில்லை. மெம்லேப் போன்ற கருவிகளைத் தினசரி பில்டில் சேர்க்கலாம். சேர்த்தால், எந்த எண்ணைத் தாண்டினால் பில்டை நிறுத்துவது என்று யாராவது முடிவுசெய்தாக வேண்டும். ஒரு சுற்றுக்கு எத்தனை கிலோபைட் வரை பொறுக்கலாம் என்பதற்குத் தொழிலில் எல்லோரும் ஏற்ற அளவு என்று ஒன்று இன்னும் உருவாகவில்லை.